புகையிலையின் பங்குதாரர்: இந்தியாவில் இ-சிகரெட் தடையும் பண நலன்களும்

இ-சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை. பேட்டரியால் சூடாகும் சிறு கம்பிச்சுருள், நிகோடின் கலந்த திரவத்தை ஆவியாக்குகிறது. இழுப்பவர் உள்ளே வாங்குவது அந்த ஆவியைத்தான். அதன் இன்றைய வடிவத்தை 2003-ல் உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பர் 18 அன்று, இந்திய அரசு அதன் தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு அனைத்தையும் அவசரச் சட்டத்தின் மூலம் தடுத்தது. அறிவிப்பை வெளியிட்டவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். இந்த விஷயத்தை ஆராய்ந்த அமைச்சர் குழுவுக்கு அவரே தலைவர். அன்று பங்குச் சந்தையில் சிகரெட் நிறுவனங்களின் பங்குகள் விலை ஏறின. அவற்றில் மிகப் பெரியதான ஐ.டி.சி.யில் கால் பங்குக்கும் மேல் அரசு சார்ந்த நிறுவனங்களின் கையில் இருந்தது. தடை விதித்த அரசே தடையால் காக்கப்பட்ட தொழிலின் பங்குதாரராகவும் இருந்தது எப்படி என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு.

போர்ச்சுகீசியர் வழியாக வந்த புகையிலை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவில் பரவிவிட்டது. 1617-ல் ஜஹாங்கீர் அதற்குத் தடை விதித்தார், தடை நிற்கவில்லை. பின்வந்த ஆட்சியாளர்கள் தடுப்பதைவிட வசூலிப்பது லாபம் என்று கண்டுகொண்டார்கள். திருவிதாங்கூரில் புகையிலை வணிகம் அரசின் ஏகபோகமாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து வரும். அரசு அதை ஒரு விலைக்கு வாங்கி, குடிமக்களுக்கு வேறு விலைக்கு விற்கும். உப்பும் மிளகும் போலப் புகையிலையும் கருவூலத்தின் தூண்களில் ஒன்று. திவான் மாதவ ராவ் காலத்தில், 1860-களில்தான் அந்த ஏகபோகம் கைவிடப்பட்டு இறக்குமதி வரியாக மாறியது.

மலபாரிலும் கனராவிலும் இதே வேலையைக் கிழக்கிந்தியக் கம்பெனி செய்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் விளைந்த புகையிலையை மலைக்கு அப்பால் விற்கும் உரிமை 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கம்பெனிக்கு மட்டுமே இருந்தது. இந்தப் பக்கம் மலிவாகக் கிடைத்த சரக்கு அந்தப் பக்கம் பல மடங்கு விலைக்குப் போனதால் பாலக்காட்டுக் கணவாய் வழியே கடத்தல் பெருகியது. 1850-களில் அந்த ஏகபோகமும் முடிந்தது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் உலகப் பெயர் பெற்றது அந்த நூற்றாண்டில்தான். போர்ச் செலவுக்குப் பணம் தேடிய பிரிட்டிஷ் இந்திய அரசு 1943-ல் புகையிலைக்கு மத்திய கலால் வரி போட்டது. அன்று தொடங்கிய வரி வெவ்வேறு பெயர்களில் இன்றுவரை நிற்கிறது.

வரி வாங்குவதோடு அரசு நின்றிருந்தால் கதை எளிது. பங்குகள் அரசின் கைக்கு வந்த விதம்தான் அதிகம் கவனிக்கத் தக்கது. 1910-ல் கல்கத்தாவில் பதிவான இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி, 1970-ல் இந்தியா டொபாக்கோ கம்பெனி ஆகி, 1974-ல் ஐ.டி.சி. என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது. முதலில் அது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் முழுப்பிடியில் இருந்தது. 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கைக் குறைக்க வேண்டும் என்றது. விற்கப்பட்ட பங்குகளில் பெரும்பகுதி பொதுத் துறை நிதி நிறுவனங்களிடம் வந்து சேர்ந்தது: எல்.ஐ.சி., யூனிட் டிரஸ்ட், அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள். 1990-களின் நடுவில் பிரிட்டிஷ் நிறுவனம் மீண்டும் பெரும்பான்மைப் பங்கைக் கைப்பற்ற முயன்றபோது, இந்திய நிர்வாகத்துக்குத் துணை நின்றவை இந்த நிறுவனங்களே. சுதேசிச் சிகரெட்டைக் காப்பது அன்று தேசக் கடமையாகவே பார்க்கப்பட்டது.

2001-ல் யூனிட் டிரஸ்ட்டின் யு.எஸ்.-64 திட்டம் சரிந்தது. சேமிப்பைப் போட்டிருந்த நடுத்தரக் குடும்பங்கள் பதறின. 2003-ல் யூனிட் டிரஸ்ட் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, அதன் பழைய பங்குகளை வைத்திருக்க ‘சூட்டி’ எனப்படும் அமைப்பு உருவானது. ஐ.டி.சி. பங்குகளும் அதற்குள் போயின. அவை அரசு தன் நிதிப் பற்றாக்குறையை ஈடுகட்ட எப்போது வேண்டுமானாலும் விற்கக்கூடிய சொத்து. 2017 பிப்ரவரியில் அப்படித்தான் இரண்டு விழுக்காடு விற்கப்பட்டது. அரசுக்கு ஏறத்தாழ 6,700 கோடி ரூபாய் கிடைத்தது. வாங்கியது எல்.ஐ.சி. அரசின் ஒரு பையிலிருந்த சிகரெட் பங்கு இன்னொரு பைக்குப் போயிற்று.

சென்னைக்காரர்களுக்கு எல்.ஐ.சி. என்றால் 1959-ல் திறக்கப்பட்ட மவுண்ட் ரோடு கட்டடம். 1956-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலை வேலைக்குப் போன தலைமுறை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பிரீமியம், மூலதனம் ஆனது. அதன் ஒரு பகுதி சிகரெட்டில் முதலீடானது. அதே எல்.ஐ.சி., தன் கால ஆயுள் காப்பீட்டுத் திட்டங்களில் புகைப்பவரிடம் கூடுதல் பிரீமியம் கேட்கிறது. புகைப்பவர் சீக்கிரம் இறக்கிறார் என்பது அதன் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்த முரணைச் சுட்டி 2017-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலகச் சுகாதார நிறுவன உடன்படிக்கையில் இந்தியா 2004-லேயே சேர்ந்துவிட்டது. புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து சுகாதாரக் கொள்கையைக் காக்க வேண்டும் என்று அதன் 5.3-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நலன்கள் அரசுக்கு உள்ளேயே இருக்கும்போது அதை எப்படி நிறைவேற்றுவது என்பதே வழக்கு எழுப்பிய அடிப்படைக் கேள்வி.

சிகரெட் பணத்தின் வீச்சு சிகரெட்டோடு முடியவில்லை. 1975-ல் சென்னை கதீட்ரல் சாலையின் சோழா ஓட்டலோடு ஐ.டி.சி. விருந்தோம்பல் தொழிலில் நுழைந்தது. திருவொற்றியூரில் அதன் அட்டைப்பெட்டி ஆலை இருக்கிறது. ஆசீர்வாத் ஆட்டாவும் சன்ஃபீஸ்ட் பிஸ்கட்டும் அதனுடையவை. ஆனாலும் லாபத்தின் பெரும்பகுதி சிகரெட்டிலிருந்தே வருகிறது. நாட்டின் சட்டபூர்வச் சிகரெட் சந்தையில் முக்கால் பங்கு அதன் வசம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட் 28 விழுக்காட்டு உச்ச அடுக்கில் வைக்கப்பட்டு, மேலே இழப்பீட்டு செஸ்ஸும் சுமத்தப்பட்டது. பீடிக்கு அந்த செஸ் போடப்படவில்லை. நாட்டில் புழங்கும் புகையிலையில் சட்டபூர்வச் சிகரெட் பத்தில் ஒரு பங்குதான், புகையிலை வரியிலோ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சிகரெட்டே தருகிறது என்று தொழில் தரப்பு திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது. சிகரெட் பிடிப்பவர் வேறொன்றுக்கு மாறினால் யாருக்கு நட்டம் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இ-சிகரெட் இந்தியாவுக்கு வந்தது சிறு இறக்குமதியாளர்கள் வழியாகவும் இணைய விற்பனை வழியாகவும். 2014-ல் ஐ.டி.சி.யே ‘இயான்’ என்ற பெயரில் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிகரெட் நிறுவனங்களைப் புதுப் பொருளின் பிறவி எதிரிகளாக மட்டும் சித்தரிப்பது அதனால் தவறு. அமெரிக்காவில் மார்ல்போரோ தயாரிக்கும் ஆல்ட்ரியா, 2018 டிசம்பரில் ஜூல் என்ற இ-சிகரெட் நிறுவனத்தின் 35 விழுக்காட்டை 12.8 பில்லியன் டாலருக்கு வாங்கியது. தன் கையில் இருந்தால் வளர்ப்பது, அடுத்தவன் கையில் இருந்தால் தடுப்பது என்பது எல்லாப் பெருவணிகத்துக்கும் பொது. இந்தியாவில் 2010 முதல் சிகரெட் உற்பத்தியில் அந்நிய நேரடி முதலீட்டுக்கு இடமில்லை. வெளிநாட்டுப் போட்டியாளருக்கு முன்வாசல் சாத்தப்பட்டிருந்த நிலையில், ஜூல் 2019-ல் இந்தியாவுக்குள் வரத் தயாரானது. உள்ளூர்ச் சிகரெட்டுக்குப் பெரும்பணம் கொண்ட போட்டி வரக்கூடிய ஒரே பக்கவாசல் இ-சிகரெட்தான்.

தடைகள் முதலில் மாநிலங்களிலிருந்தே வந்தன. பஞ்சாப் 2013-ல் தொடங்கியது. கர்நாடகம் 2016-ல் தடுத்தது. தமிழ்நாட்டில் 2018 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, செப்டம்பரில் ஆணை வெளியானது. அதற்குச் சில நாட்கள் முன்பு, ஆகஸ்ட் 28 அன்று, மத்தியச் சுகாதார அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தல் அனுப்பியிருந்தது. மருந்துச் சட்டத்தின் கீழ் தடுக்க முயன்றபோது சிக்கல் எழுந்தது. இ-சிகரெட் மருந்து என்ற வரையறைக்குள் வராது என்று கருதிய டெல்லி உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் மத்திய அரசின் சுற்றறிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. மே 31 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடையைப் பரிந்துரைத்து வெள்ளை அறிக்கை வெளியிட்டது. செப்டம்பரில் அவசரச் சட்டம். டிசம்பர் 5-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு முழுச் சட்டம். முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; மறுபடி சிக்கினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும்.

வரவேற்றவர்களில் மருத்துவர்கள் இருந்தார்கள். புகையிலைப் பயிரிடுவோர் சார்பில் பேசும் அகில இந்திய விவசாயச் சங்கங்களின் கூட்டமைப்பும் இருந்தது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் சிகரெட் புகையிலை பயிரிடுவோரின் வாழ்வு குண்டூரில் தலைமையகம் கொண்ட புகையிலை வாரியத்தின் ஏல மேடைகளை நம்பியிருக்கிறது. அந்த வாரியம் 1975-ன் சட்டத்தால் அமைந்து, வணிக அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. புகையிலை ஏற்றுமதியை வளர்ப்பது அதன் வேலை. ஒரே அரசின் ஓர் அமைச்சகம் புகையிலையை வளர்க்கிறது, இன்னொன்று பெட்டியில் புற்றுநோய்ப் படம் அச்சிடச் சொல்கிறது. அந்தப் படமும் எளிதில் வந்துவிடவில்லை. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது தொடங்கிய முயற்சி பலமுறை தள்ளிப்போய் 2009 மே 31-ல்தான் நடைமுறைக்கு வந்தது. எச்சரிக்கைக்குப் பெட்டியில் 85 விழுக்காடு இடம் என்ற அளவை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவில் பீடித் தொழிலதிபர் ஒருவரே உறுப்பினராக இருந்தார். எரியும் புகையிலைக்கு எதிரான ஒவ்வொரு அடிக்கும் இத்தனை ஆண்டுகள் ஆயின. எரியாத நிகோடினை முழுதாகத் தடுக்க ஓர் அமைச்சரவைக் கூட்டம் போதுமானதாக இருந்தது.

2016-17 தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 26.7 கோடிப் பேர் ஏதாவதொரு வடிவில் புகையிலை பயன்படுத்தினர். இ-சிகரெட் பயன்படுத்தியவர்கள் பெரியவர்களில் 0.02 விழுக்காடு.

தடையின் சுகாதார வாதங்களை வெறும் போர்வை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கப் பள்ளிகளில் ஜூல் பரவிய வேகம் பெற்றோரை உலுக்கியது உண்மை. 2019-ல் அங்கே வேப் எனப்படும் இ-சிகரெட் பிடித்தவர்களிடம் நுரையீரல் பாதிப்பு வெடித்தது; 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தனர். பெரும்பாலானவை கஞ்சாச் சாறு கலந்த கள்ளச்சந்தைத் திரவங்களில் இருந்த வைட்டமின் ஈ அசிடேட்டால் வந்தவை என்று பிறகு தெரிந்தது. இந்தியாவின் அவசரச் சட்டம் பிறந்தது அந்த அச்சத்தின் உச்சத்தில். மறுபுறம், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015-லேயே இ-சிகரெட் சிகரெட்டைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்த தீங்குடையது என்று மதிப்பிட்டு, புகைப்பழக்கத்தை விட உதவும் கருவியாக ஏற்றது. மதிப்பீட்டின் துல்லியம் பற்றி விவாதம் உண்டு. சிகரெட்டை அனுமதித்துக்கொண்டு இதை மட்டும் தடுப்பதற்கு மருத்துவ அறிவியலில் மட்டும் காரணம் தேடினால் கிடைக்காது.

அரசின் பணப்பை குறுக்கே நிற்பது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. 1998-ல் சிகரெட் நிறுவனங்களோடு சமரசம் செய்துகொண்ட 46 அமெரிக்க மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் குறைந்தது 206 பில்லியன் டாலர் வரவேண்டியிருந்தது. தொகை சிகரெட் விற்பனையோடு ஏறி இறங்கும். பல மாநிலங்கள் அந்த வருங்கால வரவை அடகு வைத்துக் கடன் பத்திரம் விற்றன. அங்கே சிகரெட் விற்பனை சரிந்தால் பத்திரம் வாங்கியவருக்கு ஆபத்து. தாய்லாந்து 2014-ல் இ-சிகரெட் இறக்குமதியைத் தடுத்தது. அங்கே சிகரெட் தயாரிப்பதே அரசு நிறுவனம். ஜப்பான் டொபாக்கோவின் மூன்றில் ஒரு பங்கு ஜப்பான் அரசுடையது. இ-சிகரெட் பிறந்த சீனா, 2021-ல் அதைத் தன் அரசுப் புகையிலை ஏகபோக அமைப்பின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, மறு ஆண்டு பழச்சுவை வகைகளைத் தடுத்தது. மருந்து நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு: 1978-ல் சுவிட்சர்லாந்தில் முதலில் விற்பனைக்கு வந்த நிகோடின் சூயிங்கம் இன்று உலகச் சந்தை கொண்டது, புகைப்பதை விட விரும்புபவர் வேப் பக்கம் போனால் அதற்கும் நட்டம். இந்தியாவில் 2 மில்லிகிராம் சூயிங்கத்தை மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம்.

சட்டம் வந்தபின் கணவாய்க் கடத்தலின் பழைய கதை வேறு வடிவில் திரும்பியது. வேப் கருவிகள் விமானச் சரக்காகவும் பயணிகளின் பெட்டிகளிலும் வந்தன. சமூக வலைத்தளங்களில் கைமாறின. அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சோதிக்க எந்த அதிகாரிக்கும் வழியில்லாமல் போனது. தடையின் மிகக் கடுமையான விளைவு இதுவே. 2023-ல் சுகாதார அமைச்சகம் தடையை நினைவூட்டி மீண்டும் அறிவிப்பு வெளியிட்டு, புகார் தருவதற்கு இணையதளமும் திறந்தது. பூந்தமல்லி–ஆவடி சாலையில் பருத்திப்பட்டுப் பெட்டிக்கடைக்காரர் பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜம் தள்ளி, பதினெட்டு வயது நிறைந்தவருக்குச் சிகரெட் விற்கலாம். வேப் விற்றால் எந்தத் தூரத்திலும், எந்த வயதினருக்கும் குற்றம்.

பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ 2024 மார்ச்சிலும் 2025 மே மாதத்திலும் ஐ.டி.சி. பங்குகளை விற்று, தன் பிடியைக் கால் பங்குக்கும் கீழே குறைத்துக்கொண்டது. எல்.ஐ.சி.யும் சூட்டியும் தங்கள் பெரும் பங்குகளோடு அங்கேயே இருக்கின்றன.