281 வாக்குகள்

2015 ஜனவரி 8ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டத்தில் மைத்திரிபால சிறிசேன பெற்றவை 249,524 வாக்குகள். மஹிந்த ராஜபக்ஷ பெற்றவை 249,243. வித்தியாசம் 281. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நாலைந்து லயங்களின் வாக்காளர் தொகை அவ்வளவுதான். அதற்குப் பத்து வாரங்களுக்கு முன்னர்தான் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியிருந்தது.

இந்த 281ஐ விளங்கிக்கொள்ள 1947க்குப் போக வேண்டும். அந்தத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர், கவிஞர் ஸி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். 1948இல் பிரஜாவுரிமை பறிபோயிற்று, 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1972இல் இலங்கை குடியரசாகி, மகாதேசாதிபதியாக இருந்த வில்லியம் கோபல்லாவ முதல் ஜனாதிபதியானார். அது அலங்காரப் பதவி. அதிகாரம் பிரதமர் சிறிமாவோவிடம் இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு அந்த மாற்றம் எந்தச் செய்தியையும் கொண்டுவரவில்லை. அவர்கள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

1978 பெப்ரவரி 4ஆம் திகதி ஜே.ஆர். ஜயவர்தன நிறைவேற்று அதிகாரத்துடன் பதவியேற்றார். அந்தப் பதவிக்கென்று மக்களிடம் வாக்குக் கேட்காமலே ஏறிய நாற்காலி அது, கேட்டது 1982இல்தான். ஆனால் அவருடைய யாப்பில், அவர் எண்ணினாரோ இல்லையோ, ஒரு விஷயம் இருந்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு முழுத் தீவும் ஒரே தொகுதி. வெல்வதற்குப் பாதிக்கு மேல் வேண்டும். 1977இல் மலையகத் தோட்டங்கள் அனைத்திலுமிருந்து பாராளுமன்றம் போக முடிந்தது தொண்டமான் ஒருவரால்தான். தொகுதி எல்லைக்குள் கரைந்துபோன வாக்கு, தீவு முழுவதையும் ஒன்றாக எண்ணும்போது கணக்கில் ஏறியது.

1988இல் அது வெளிச்சமாயிற்று. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அந்த ஆண்டு வந்தது. டிசம்பர் 19ஆம் திகதி தேர்தல். பகிஷ்கரிக்கும்படி ஜே.வி.பி. மிரட்டியதில் நாடு முழுவதும் 55 வீதமானோரே வாக்களித்தனர். பிரேமதாச பெற்றது 50.43 வீதம். அந்தச் சிறு விளிம்பில் இ.தொ.கா.வின் ஆதரவுக்கு விலை இருந்தது. எம்.எச்.எம். அஷ்ரஃப் தமது பேரத்தை இன்னும் துல்லியமாகப் பேசினார்: பாராளுமன்றத் தேர்தலுக்கான 12.5 வீத வெட்டுப்புள்ளி 5 வீதமாயிற்று. எமது சமூகத்துக்கு அது சிறிய விடயமல்ல.

பிரேமதாச 1993 மே தினத்தில் கொல்லப்பட, விஜேதுங்க மிச்சக் காலத்தை ஓட்டினார். 1994இல் சந்திரிகா 62 வீதத்துடன் வந்தார். இப்பதவியையே ஒழிப்பேன் என்று சொன்னவர் பதினோராண்டு அதில் இருந்தார். மஹிந்த, மைத்திரி, 2019இல் கோட்டாபய, 2022 ஜூலையில் அவர் ஓடிய பின் பாராளுமன்றத்தின் 134 வாக்குகளால் ரணில். 2024இல் எவரும் பாதியைத் தாண்டாமல், விருப்பு வாக்குகள் முதன்முறையாக எண்ணப்பட்டு அநுர குமார திசாநாயக்க வென்றார். 1988இல் வாக்களிக்காதே என்ற கட்சியின் தலைவர் அவர்! பதுளை மாவட்டம் அப்போது சஜித்தின் பக்கம் நின்றது.

ஒழிக்க வேண்டும் என்போரின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஒரு மனிதரிடம் இத்தனை அதிகாரம் குவிவதன் விலையை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும், ஒழித்த பின் லயத்து வாக்கு எந்தக் கணக்கில் ஏறும் என்ற கேள்விக்கு எந்த மேடையிலும் நான் தெளிவான பதில் கேட்டதில்லை.

2015இல் தோட்டமொன்றின் வாக்களிப்பு நிலையத்தில் எனக்குத் தேர்தல் கடமை. கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்த பாட்டி ஒருவர், அடையாள அட்டையைத் திரும்ப வாங்கும்போது, "சேர், எங்க அப்பாவுக்கு இந்தச் சீட்டு சாகுற வரைக்கும் கெடைக்கல" என்றார். வரிசை நீண்டிருந்தது. நான் அடுத்த பெயரை வாசித்தேன்.