தோட்டத்து மாடு: எழுதப்படாத ஒரு வரலாறு

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பது பழம்பொருள். கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் அப்பொருளிலேயே அதனை ஆண்டிருத்தல் தமிழாசிரியர் அறிந்ததே. மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கோ அச்சொல்லின் இரு பொருளும் ஒன்றாகவே இருந்தன. லயத்து வீடு தோட்டத்தினுடையது. மரமும் மண்ணும் கம்பெனியினுடையவை. வீட்டின் பின்புறம் கட்டிய பசு ஒன்றே அவர்களுடைய சொந்தம். அப்பசுவின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிர் பெருகியபோது, கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர் மக்கள் இங்கு வந்தனர். உழவும் கறவையும் அறிந்தவர் அவர். இந்நாட்டுக் கெடா-கிளந்தான் மாடு சிறிய உடலினது, பால் குறைவு. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மாடுகளின் வழிவந்தவற்றையே கால்நடைத் துறையினர் 'லோக்கல் இந்தியன் டைரி' எனத் தனியினமாகக் குறிப்பர். உள்நாட்டு இந்தியக் கறவை மாடு என்பது அதன் பொருள். தோட்டப் பெயர்ப்பட்டியலில் நம் பாட்டன்மார் பெயர் மறைந்தாலும், அவர் வளர்த்த மாடு ஓர் இனப்பெயராய் நிலைத்துவிட்டது.

தோட்டத்து நாள் பசுவோடுதான் தொடங்கும். பெரட்டுக்கு முன்னரே, வைகறையில் பால் கறப்பர். பின்னர் மரம் வெட்டச் செல்வர். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் ரப்பர்ப் பால் நன்கு ஒழுகும். ஆதலின் நண்பகலை ஒட்டி வேலை முடியும். பிற்பகல் புல்லறுக்கும் நேரம். இவ்வாறு மரத்துப் பாலும் மாட்டுப் பாலும் ஒன்றுக்கொன்று இடையூறின்றி நடந்தன. 1920களின் இறுதியில் சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அக்கூலியும் இல்லை. மழை நாளிலும் பசு பால் தந்தது.

சட்டமும் இதனை ஓரளவு ஒப்புக்கொண்டது. குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிடவோ மேய்ச்சலுக்கோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்கவேண்டும் எனக் கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அது ஏறத்தாழ 2,700 சதுர அடி. 250 கிலோ எடையுள்ள பசுவுக்கோ நாளொன்றுக்கு 25 கிலோ பச்சைப்புல் வேண்டும். அத்துண்டு நிலம் இதற்குப் போதாது. சாலையோரத்துப் புல்லும் வடிகால் கரைப் புல்லுமே மாட்டைக் காத்தன. அவை தோட்டத்தின் புல். எனவே, மாடு சொந்தமாயினும் அதன் உணவு நிருவாகத்தின் இசைவைப் பொறுத்ததாயிற்று.

இவ்வுண்மை 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடலின்போது வெளிப்பட்டது. தோட்டம் கைமாறியபோது வேலையோடு வீடும் போயிற்று. வீட்டோடு கொட்டகையும் போயிற்று. அடுத்து வந்தது செம்பனை. நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தெனமாரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டிலேயே அது வணிகப் பயிராக நடப்பட்டது. எனினும் ரப்பரை விலக்கிப் பரவியது 1960களுக்குப் பின்னரே. இளஞ்செம்பனையின் ஓலை மாட்டின் வாய்க்கு எட்டும். ஆகவே மாடு பகையாயிற்று. 1990களில் செரண்டாவை அடுத்த புக்கிட் பெருந்தோங்கில் தோட்ட நிலம் வீடமைப்பு நகராயிற்று. அடுக்குமாடி வீட்டில் பசுவுக்கு இடம் ஏது?

என் இளமையில், நாங்கள் இருந்த தோட்டத்தில் மாடுகளை அகற்றுமாறு உத்தரவு வந்தது. கன்றோடு பசுவை லாரியில் ஏற்றிய பின்னரும், என் தாயார் அன்று மாலை பழக்கத்தால் அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லுக்குப் புறப்பட்டார். பாதி வழியில் நினைவு வந்து திரும்பினார்.

இன்று முதிர்ந்த செம்பனையின் கீழ் மாடு மேய்த்தால் களையெடுக்கும் செலவு குறையும் என்று வேளாண் அறிஞர் கூறுகின்றனர். அரசும் அதனை ஊக்குவிக்கிறது. தோட்டத்தார் அன்று குற்றமாகக் கொண்டது இன்று அறிவியலாயிற்று. ஆனால் அம்மாடுகளுக்கு உரியவர் இப்போது லயத்து மக்கள் அல்லர்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் தோட்ட வரலாற்றைக் கூலி, கங்காணி, சங்கம் என்னும் அளவில் நிறுத்திவிடுகிறோம். பசுவின் பெயர், விற்ற பாலின் கணக்கு, புல்லறுத்த இடம் ஆகியவற்றை மாணவர் தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதட்டும். கைப்பொருள் ஏதுமற்றவர் என்று நாம் எண்ணியோர் எதனை உடைமையாகக் கொண்டிருந்தனர் என்பதை அவ்வேடுகள் காட்டும். சொல்லக்கூடியோர் நம்மிடையே இன்னும் சிலரே உளர்.