தோட்டத்து ஆங்கிலமும் வளைகுடா அரபும்: ஸ்பிரிங்வெளியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

1

பதுளை நகரை அடுத்து, நமுனுகுல மலைத்தொடரின் சாரலில் அமைந்துள்ள ஒரு பெருந்தோட்டத்திற்குக் கோப்பிக் காலத்து வெள்ளையர் 'ஸ்பிரிங் வாலி' எனப் பெயரிட்டனர். நீரூற்றுப் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். அங்கு வாழும் தமிழ்த் தொழிலாளர் அதனை 'ஸ்பிரிங்வெளி' என வழங்குகின்றனர். பள்ளத்தாக்கினைக் குறித்த ஆங்கிலச் சொல், திறந்த நிலப்பரப்பினைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாக மாறி, நிலாவெளி போன்ற இடப்பெயர்களின் வரிசையிற் சேர்ந்துகொண்டது. பொருள் தெரியாத ஒரு சொல்லினுள் மக்கள் தமக்குத் தெரிந்த ஒரு பொருளை வைத்துக்கொண்டனர் எனலாம்.

பிறமொழிச் சொற்களை ஒரு சமூகம் எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்னும் வினாவிற்கு இவ்விடப்பெயர் நல்லதொரு தொடக்கமாகும். ஊவாத் தோட்டத்து மக்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கிலச் சொற்களின் நடுவே வாழ்ந்து வந்துள்ளனர். கடந்த சில தசாப்தங்களாக அவர்தம் பெண்மக்கள் பலர் வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணிபுரிந்து, அரபுச் சொற்களோடு ஊர் திரும்புகின்றனர். இவ்விரு அனுபவங்களையும் ஒருசேர வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சொற்களை விளங்கிக்கொள்ளுதல் வேறு, மொழியைப் பெறுதல் வேறு. உழைப்பைப் பெறுவோர் உழைப்போருக்கு முதலாவதை வழங்கி, இரண்டாவதை மறுத்து வந்துள்ளனர் என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்தாகும்.

2

முதலில் ஒலிநிலையினை நோக்குவோம். ஆங்கிலச் சொற்களை எதிர்கொள்ளும்போது தமிழரும் அரபு பேசுவோரும் ஒத்த இடர்ப்பாடுகளை அடைகின்றனர். அரபு மொழியில் ஒலிப்பிலாப் பகரம் இல்லை. எனவே 'போலிஸ்' என்னும் சொல்லை அவர்கள் ஒலிப்புடைப் பகரத்தோடு உச்சரிப்பர். தமிழில் இவ்விரு ஒலிகளுக்கும் எழுத்து ஒன்றே. ஆங்கிலத்தின் ஃபகரம் தமிழ் மரபில் இல்லையாதலின் 'பீல்டு', 'பெக்டரி' என்றே தொழிலாளர் வழங்குவர். அரபியில் ஃபகரம் உண்டு. வகரத்திற்கு நிகரான ஆங்கில ஒலியோ இல்லை. ஆதலின் 'வாலி' என்பது அவர் வாயில் 'ஃபாலி' என ஒலிக்க இடமுண்டு.

சொல்முதலில் இரண்டு மெய்கள் இணைந்து வருவதும் இரு சாராருக்கும் இயல்பானதன்று. தோட்டத்தில் 'ஸ்டோர்' 'இஸ்டோர்' ஆயிற்று. 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆயிற்று. ஈராக்கிய அரபு பேசுவோரும் இவ்வாறே சொல்லின் முன்னே இகரம் ஒன்றைச் சேர்ப்பர். எகிப்தியரோ வேறு பல மெய்ச்சேர்க்கைகளில் அவ்விகரத்தை இரண்டு மெய்களுக்கும் இடையே சேர்ப்பர். இவை கல்லாமையின் விளைவு எனக் கருதுவது தவறு. ஒவ்வொரு மொழியும் தனது ஒலியமைப்பிற்கேற்பப் பிறமொழிச் சொல்லை மாற்றிக்கொள்கிறது என்பது மொழியியலின் அடிப்படை உண்மையாகும். வடசொற்களைத் தற்பவமாக்கிய தமிழ் மரபின் தொடர்ச்சியே இஸ்டோரும் இஸ்கூலும்.

ஆங்கிலமும் இதற்கு விலக்கன்று. ஊவாவின் பெருந்தோட்ட வரலாறு எந்தப் பயிரோடு தொடங்கிற்றோ அந்தக் கோப்பியின் பெயரே அரபுச் சொல்லாகிய 'கஹ்வா'விலிருந்து துருக்கிய மொழி வழியாக ஐரோப்பாவை அடைந்தது. பருவக்காற்றைக் குறிக்கும் 'மொன்சூன்' என்பதும் பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. தமிழிலும் பாக்கி, வசூல், ரத்து, வக்கீல் முதலாய அரபுச் சொற்கள் ஆட்சித்துறை வழியாகப் புகுந்து நிலைத்துள்ளன. ஆகவே சொற்கள் இடம்பெயர்வது புதுமையன்று. எவ்வகைச் சொற்கள், எந்த உறவின் வழியே இடம்பெயர்கின்றன என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாவாகும்.

3

தோட்டத்துத் தமிழிற் புகுந்த ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து நோக்குமிடத்து அவை பெரும்பாலும் மூன்று துறைகளுக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். முதலாவது, ஒழுங்கும் ஏவலும். விடியற்காலையில் தப்பொலி கேட்டு ஆட்கள் கூடும் இடம் 'பெரட்டுக்களம்' ஆகும். அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்னும் படைத்துறைச் சொல்லின் மரூஉவே பெரட்டு. வரிசையாய்க் கட்டப்பட்ட குடியிருப்பினைக் குறிக்கும் 'லைன்' என்பது லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. இசையோடு இசைந்த லயம் என்னும் சொல், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகளின் நிரைக்குப் பெயரானமை கருதத்தக்கது. இரண்டாவது, பதவிகள்: கண்டக்டர், கிளாக்கர், டீமேக்கர் என்பன 'ஐயா' என்னும் மதிப்புச் சொல்லோடு இணைந்து வழங்கின. மூன்றாவது, கணக்கும் கூலியும்: செக்ரோல், கொந்தரப்பு என்பன இவ்வகையின.

இவற்றோடு போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற காம்பரா, தவறணை முதலிய சொற்களும் கலந்தன. தாய்மார் கொழுந்தெடுக்கச் செல்கையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்திற்குத் தொழிலாளர் 'பிள்ளைக்காம்பரா' எனப் பெயரிட்டனர். தமிழும் போர்த்துக்கேயமும் இணைந்த இச்சொல் அம்மக்களின் சொல்லாக்கத் திறனுக்கு ஓர் எடுத்துக்காட்டாகும். ஒருநாள் வேலையையும் அதற்குரிய கூலியையும் 'பேர்' என்றும், பாதிநாட் கூலியை 'அரைப்பேர்' என்றும் அவர்கள் குறித்தனர். பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் கூலி உண்டு. எனவே பெயரே கூலியாயிற்று.

எதிர்த்திசையில் ஆங்கிலம் இம்மக்களிடமிருந்து பெற்ற சொற்கள் யாவை? கூலி, கங்காணி, துண்டு என்பனவே அவற்றுள் முதன்மையானவை. தொழிலாளியின் கடன்தொகையைக் குறித்து, அதனைத் தீர்ப்பவரிடம் அவனை ஒப்படைக்க உதவிய சீட்டே துண்டு. 1921ஆம் ஆண்டு அம்முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டபோது 'துண்டு' என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கிலச் சட்டத்தில் இடம்பெற்றது. அடிமைத்தளையைக் குறிக்கத் தமிழ்ச் சொல்லும், அதன் நிர்வாகத்தைக் குறிக்க ஆங்கிலச் சொல்லுமாக இரு மொழிகளும் பண்டமாற்றுச் செய்துகொண்டன.

4

தோட்டத்துரைமார் தமிழ் கற்றனர் என்பது உண்மையே. அவர்களுக்கெனக் கைந்நூல்கள் பல கொழும்பில் அச்சிடப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த சின்னத்துரைமாருக்கான கைந்நூல் ஒன்றின் தலைப்பே 'இங்கே வா' என்பதாகும். 1915இல் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட நூல் 'கூலித் தமிழ்' எனப் பெயர் பெற்றது. தமிழில் முன்னிலையாரை அழைக்க வா, வாரும், வாருங்கள் எனப் படிநிலைகள் உண்டு. அவற்றுள் முதலாவதே துரைத்தமிழின் தலைவாயிலாயிற்று. தந்தை வயதுடைய தொழிலாளியை இளைஞனான சின்னத்துரை ஒருமையில் விளிப்பதற்கு இலக்கணமே அனுமதி வழங்கிற்று எனலாம். ஆயிரமாண்டு இலக்கிய மரபுடைய ஒரு மொழியில், ஏவுவதற்கு வேண்டிய அளவே தெரிந்தெடுக்கப்பட்டது.

மறுபுறத்தில், தொழிலாளியின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எண்ணம் எவருக்கும் இருந்ததில்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டங்களில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கிற்று. பத்து வயதின் பின் பிள்ளை கொழுந்துக் கூடையை நோக்கிச் செல்லும் என்பதே அச்சட்டத்தின் உட்கிடை. நகரத்து மத்திய வர்க்கத்தார்க்கு ஆங்கிலம் உத்தியோகத்தின் திறவுகோலாக விளங்கிய அதே காலத்தில், தோட்டத்தில் அது துரையின் பங்களாவிலும் ஆபீசிலும் பூட்டப்பட்டிருந்தது.

இதன் விளைவு சுதந்திரத்தின் பின்னர் முழுமையாக வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் குடியுரிமை கோருவோர், இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை ஆவணங்களால் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. செக்ரோல் என்னும் சொல்லை நாள்தோறும் வழங்கிய மக்கள், அந்தச் செக்ரோலில் தம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைப் படித்தறிய இயலாதோராய் இருந்தனர். செவிவழி கேட்டு எழுதப்பட்ட பெயர் ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் மற்றோர் ஏட்டில் வேறுவிதமாகவும் இருந்தால், அதன் பயனை அனுபவித்தவன் எழுத்தன் அல்லன். 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தோடு சிங்களமும் இதே வகையான பூட்டாயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, அம்மக்களின் சொல் எம்மொழியிலும் கேட்கப்படவில்லை. நாடற்றோர் பிரச்சினைக்கு முழுமையான சட்டத் தீர்வு 2003ஆம் ஆண்டிலேயே கிட்டிற்று.

5

ஒரே ஆட்சியின் கீழ், இதே தீவில், அரபு பேசும் சிலர் ஆங்கிலம் கற்ற வரலாறு ஒன்றும் உண்டு. பிரித்தானியத் தலையீட்டை எதிர்த்து 1882இல் தோல்வியுற்ற எகிப்தியத் தலைவர் உறாபி பாஷாவும் அவர்தம் தோழர் அறுவரும் 1883 சனவரியில் கொழும்பில் நாடுகடத்தப்பட்டோராய் வந்திறங்கினர். அவருள் ஒருவர் நவீன அரபுக் கவிதையின் முன்னோடியான மஹ்மூத் சாமி அல்பாரூதி. அவ்விருவரும் இங்கே ஆங்கிலம் கற்றனர். உறாபி 1901இல் நாடு திரும்பும் வரை வெளிநாட்டாரோடு உரையாடவும் தம் தரப்பை எடுத்துரைக்கவும் அம்மொழி அவருக்கு உதவிற்று. இங்கிருந்த காலத்தில் சித்திலெவ்வை முதலியோரின் கல்வி முயற்சிகளுக்கும் அவர் துணைநின்றார். கொழும்பு சாஹிறாக் கல்லூரி 1892இல் தோன்றிற்று. அவரும் ஆங்கில ஆட்சியால் வேற்று மண்ணில் வைக்கப்பட்டவரே. ஆயினும் ஓய்வும் நூலும் அவருக்கு வாய்த்தன; அவர் மொழியைப் பெற்றார். அதே ஆண்டுகளில் ஊவா மலைகளில் கோப்பியை அகற்றித் தேயிலை நட்ட தமிழ்த் தொழிலாளி சொற்களை மட்டும் பெற்றான். வேறுபாடு அறிவிலன்று, வர்க்கத்தில்.

6

1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையைத் தொடர்ந்து இலங்கைப் பெண்கள் வீட்டுப் பணியாளராக மேற்காசியா செல்வது பெருகிற்று. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. தோட்டத்துப் பெண்களும் காலப்போக்கில் இப்பயணத்தில் இணைந்தனர். அங்கு அவர்கள் பேசுவது நூலோர் அரபன்று. தெற்காசியத் தொழிலாளருக்கும் அரபு எசமானருக்கும் இடையே உருவான ஒரு கலப்பு மொழி. ஸ்மார்ட் என்னும் ஆய்வாளர் 1990இல் இதனை விவரித்தார். வினைவிகற்பங்கள் பெரும்பாலும் நீங்கிய இம்மொழியில், உண்டு எனப் பொருள்படும் 'ஃபீ', இல்லை எனப் பொருள்படும் 'மா ஃபீ' என்பன பல பணிகளை ஆற்றுகின்றன. இடையிடையே இரு சாராரும் தத்தம் ஒலிக்கேற்பத் திரித்து வழங்கும் ஆங்கிலச் சொற்கள் பாலமாகின்றன.

அவ்வீடுகளில் நாளும் செவியில் விழும் ஏவற்சொல் 'தஆலி'. 'இங்கே வா' என்பதே அதன் பொருள். நூற்றாண்டுக்கு முன் சின்னத்துரையின் கைந்நூல் தாங்கிய அதே தலைப்பு, மொழி மாறி மீண்டும் ஒலிக்கிறது. பொறுப்பாளர் எனப் பொருள்படும் 'கஃபீல்', வதிவிட அனுமதியாகிய 'இகாமா' என்னும் சொற்களும் திரும்பி வருவோரின் பேச்சில் நிலைபெற்றுள்ளன. கஃபீலின் இசைவின்றி வேலை மாறல் அரிது என்னும் விதியும், துண்டு இன்றித் தோட்டம் மாறல் இயலாது என்னும் விதியும் ஒப்புநோக்கத்தக்கவை. ஒப்பந்தம் அரபில் எழுதப்பட்டிருக்க, ஒப்பமிடுபவளுக்கு அரபு எழுத்துத் தெரியாத நிலை, செக்ரோலின் நிலையேயாகும்.

7

இங்ஙனம் கூறுவதால், மக்கள் சொற்களை வாளா ஏற்றவர் மாத்திரமே எனக் கொள்ளலாகாது. மலையக நாட்டார் பாடல்களில் பெரட்டும் லயமும் கண்டக்டரும் எள்ளலுக்கும் ஏக்கத்திற்கும் உரிய பொருளாயின. அப்பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்திற் பிறந்து ஆங்கிலத்திலேயே கவிதை எழுதி, 1947இல் பாராளுமன்றத்திற்குத் தெரிவானவர். மொழி முழுமையாகக் கைவந்தபோது ஏவலின் கருவி சாட்சியத்தின் கருவியாகும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இவ்வகையில் இரு பணிகள் எஞ்சியுள்ளன. ஒன்று, முதியோர் நினைவில் மட்டும் நிலவும் தோட்டத்துச் சொற்களை ஊவாவின் ஒவ்வொரு தோட்டத்திலும் தொகுத்தல். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதனை மேற்கொள்ளல் தகும். மற்றையது, புறப்படும் பெண்ணுக்குச் சமையற் பாத்திரங்களின் அரபுப் பெயர்களோடு சம்பளம், விடுமுறை, முறைப்பாடு, தூதரகம் என்பவற்றைக் கேட்கவும் வாசிக்கவும் எழுதவும் கற்பித்தல். 'வா' என்பதை விளங்கிக்கொள்ள அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 'வரமாட்டேன், முதலில் என் கணக்கைத் தீருங்கள்' என்று பிழையறச் சொல்லும் ஆற்றலையே அவளுக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.