பெர்த் முதல் கொக்கல வரை: இரு சூரியோதயங்கள் கண்ட விமானப் பயணம்

நம் ஜமாஅத்தில் எவரேனும் வெளிநாடு சென்று திரும்பினால், "எத்தனை மணி நேரப் பயணம்?" என்றே வினவுகிறோம். எவ்வளவு தொலைவு என்று வினவுவதில்லை. தொலைவு என்றும் மாறாதது. நேரமோ நம் முன்னோர் காலத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அது சுருங்கிய வரலாற்றில், நமக்கு அண்மையிலுள்ள இலங்கையைத் தொட்டுச் செல்லும் ஒரு பகுதியை இங்கு நினைவுகூர விழைகிறோம்.

1935ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து இலண்டனுக்குப் பயணிகள் விமானச் சேவை தொடங்கியது. சிங்கப்பூர், இந்தியா வழியாக இடையிடையே தங்கித் தங்கிச் சென்ற அப்பயணத்திற்குப் பன்னிரண்டரை நாட்கள் ஆயின. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் வீழ்ந்ததும் அவ்வழி அடைபட்டது.

எஞ்சியிருந்தது இந்தியப் பெருங்கடல் மட்டுமே. 1943 ஜூன் திங்களில், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள சுவான் ஆற்றுக்கும், இலங்கையின் காலி நகருக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினா எனும் நீர்விமானங்களை இயக்கத் தொடங்கியது. நேர்வழியே ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். நடுவே இறங்க இடமில்லை. விமானத்தின் சுமையில் பெரும்பகுதி எரிபொருளே. ஆகவே மூன்று பயணிகளுக்கும் சிறிதளவு தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது. எதிரி அறிந்துவிடாதிருக்க வானொலித் தொடர்பு நிறுத்தப்பட்டது. மாலுமிகளைப் போன்று விண்மீன்களைக் கொண்டே விமானிகள் திசையறிந்தனர். அவ்விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன.

27 முதல் 33 மணி நேரம் வரை நீடித்த அப்பயணத்தில், நிலத்தைத் தொடாமலேயே இருமுறை சூரியோதயம் கண்டனர். (தொழுகையாளி ஒருவர் அதில் இருந்திருப்பின், அமர்ந்த இருக்கையிலேயே இரண்டு சுப்ஹுகளைச் சந்தித்திருப்பார்!) பயணிகளுக்கு "இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்க"த்தின் சான்றிதழும் அளிக்கப்பட்டது. கொக்கலவிலிருந்து கராச்சி வழியாக இலண்டன் செல்லும் வழி மீண்டும் திறந்தது.

கொக்கல மக்கள் இதற்குக் கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது. போர்க்காலத்தில் விமானத் தளம் அமைப்பதற்காக அக்கிராமத்தார் அப்புறப்படுத்தப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த இல்லம் தப்பி நின்று, பிற்காலத்தில் அருங்காட்சியகத்தின் பகுதியாயிற்று.

1945 ஜூலை வரை கட்டலினாக்கள் 271 முறை கடலைக் கடந்தன. இத்துணை ஆபத்தான வழியில் பயணி ஒருவரேனும் உயிரிழக்கவில்லை என்பது வியப்பிற்குரியது. அமெரிக்கா கடனுதவியாக அளித்த விமானங்கள் அவை. அந்த ஒப்பந்தத்தின்படி போர் முடிந்தபின் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ வழியாக இலண்டனுக்கு நான்கு நாட்களில் செல்லும் சேவை தொடங்கிற்று. 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து புறப்பட்ட விமானம், 14,498 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 17 மணி நேரத்தில் கடந்து இலண்டனை அடைந்தது. அதே பெர்த்திலிருந்து கிளம்பிய கட்டலினா, 17 மணி நேரம் பறந்தபின்னும் கடலின் மேல்தான் இருந்திருக்கும். கொக்கலவை எட்ட இன்னும் பத்து மணி நேரமாவது வேண்டும்.