நாற்பது என்றால் கழுதை

புனைவு உலகங்களுக்காக மொழிகளையும் உயிரினங்களையும் உருவாக்கியவர்களைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் ஜே.ஆர்.ஆர். டோல்கினிடமிருந்தே தொடங்குகிறது. அவரோ 1931இல் ஆற்றிய உரையில், இந்த ரகசியப் பழக்கம் தனக்கு எப்படித் தொற்றியது என்று சொல்லும்போது வேறொரு இடத்திலிருந்து தொடங்குகிறார். அவர் முதலில் எதிர்கொண்ட கற்பனை மொழியின் பெயர் 'அனிமாலிக்'. விலங்கு, பறவை, மீன் ஆகியவற்றின் பெயர்களைக் கொண்டே கட்டப்பட்ட மொழி அது. அதில் 'நாற்பது' என்றால் கழுதை; 'கழுதை' என்றால் நாற்பது. அதை உருவாக்கியவர்கள் அவருடைய தாய்வழி உறவுச் சிறுமிகளான மேரி, மார்ஜரி இன்கில்டன் சகோதரிகள். பிறகு மேரியோடு சேர்ந்து 'நெவ்போஷ்' என்ற இன்னொரு மொழியை உருவாக்குவதில் டோல்கினும் பங்கெடுத்தார். அதன் பெயருக்குப் 'புதிய உளறல்' என்று பொருள்.

டோல்கின் வளர்ந்து எல்ஃப் இனத்தாருக்கு இலக்கணம் எழுதியபோது அது கலையானது. சிறுமிகளின் மொழி சிறுபிள்ளை விளையாட்டாகவே நின்றுவிட்டது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இல்லாத உலகத்துக்கு மொழியும் உயிர்களும் படைத்த பெண்கள் பல நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததற்கு வரலாறு வைத்த பெயர்கள்தான் வேறு.

12ஆம் நூற்றாண்டில் ரைன் நதிக்கரையில் வாழ்ந்த துறவி பிங்கனின் ஹில்டகார்ட் (1098–1179) 'லிங்குவா இக்னோட்டா', அதாவது 'அறியப்படாத மொழி' என்ற ஒன்றை விட்டுச் சென்றார். ஆயிரத்துக்குச் சற்று அதிகமான சொற்கள், அவற்றோடு 23 எழுத்துகள். சொற்கள் ஏறத்தாழ அனைத்தும் பெயர்ச்சொற்கள். பட்டியல் கடவுளில் தொடங்கி, வானவர், மனிதர், உறவுமுறை, உடலுறுப்புகள், நோய்கள் என்று இறங்கி, செடிகொடிகள், பறவைகள் வழியாகப் பூச்சிகள்வரை வருகிறது. கடவுள் 'ஐகோன்ஸ்', பெண் 'வானிக்ஸ்'. ஓர் உலகத்தையே தலையிலிருந்து கால்வரை பெயர் மாற்றி எழுதியிருக்கிறார். இந்தச் சொற்களில் ஐந்து அவருடைய ஒரே ஒரு லத்தீன் திருச்சபைப் பாடலுக்குள் இடம்பெறுகின்றன. மற்றவற்றை எதற்குப் பயன்படுத்தினார் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

நான் கவனிப்பது வேறொன்றை. ஹில்டகார்ட் தன் நூல்களை லத்தீனில் எழுதினார். அது முறையாகக் கற்ற ஆண்களின் மொழி. அவர் எழுதியதன் இலக்கணத்தை வோல்மார் என்ற துறவி சரிபார்த்தார். 1178இல், திருச்சபை விலக்கிவைத்திருந்த ஒருவரின் உடலைத் தன் மடத்து இடுகாட்டிலிருந்து தோண்டி எடுக்க மறுத்தார் என்பதற்காக, மைன்ஸ் நகரத்துத் திருச்சபை அதிகாரிகள் மடத்தில் பாடுவதையே தடை செய்தார்கள். அப்போது அவருக்கு எண்பது வயது. ஒரு பெண்ணின் குரல் யாருடைய அனுமதியில் நின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அறியப்படாத மொழியில் மட்டும் அவரைத் திருத்த ஒருவராலும் முடியாது. அங்கே பிழை என்று ஒன்று இருந்தால் அதைச் சொல்லும் தகுதி அவருக்கு மட்டுமே உண்டு. பிற்காலத்தில் அவருடைய காட்சி அனுபவங்களுக்கு ஒற்றைத் தலைவலியைக் காரணம் காட்டிய மருத்துவ விளக்கங்கள் பிரபலமாயின.

இங்கிலாந்தின் மார்கரெட் கேவண்டிஷுக்கு (1623–1673) கிடைத்த பட்டம் 'பைத்தியம்'. 1666இல் தன் அறிவியல் நூலோடு சேர்த்து 'தி பிளேசிங் வேர்ல்ட்' என்ற கதையை வெளியிட்டார். வணிகன் ஒருவன் ஓர் இளம்பெண்ணைக் கப்பலில் கடத்துகிறான். கப்பல் வடதுருவத்துக்கு அடித்துச் செல்லப்பட, ஆண்கள் குளிரில் உறைந்து சாகிறார்கள். அவள் மட்டும் துருவத்தோடு ஒட்டியிருக்கும் வேறோர் உலகத்துக்குள் போய்ச் சேர்ந்து, அதன் பேரரசியாகிறாள். அங்கே கரடி மனிதர், பறவை மனிதர், மீன் மனிதர், புழு மனிதர் என்று பலவகை உயிர்கள் வாழ்கின்றன. முதலில் அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொள்கிறாள். பிறகு கேள்வி கேட்கத் தொடங்குகிறாள்.

ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு துறை. கரடி மனிதர்கள் தொலைநோக்கி வைத்துச் சோதனை செய்பவர்கள். பறவை மனிதர்கள் வானியலாளர்கள். நரி மனிதர்கள் அரசியல்வாதிகள். கிளி மனிதர்கள் மேடைப் பேச்சாளர்கள். தொலைநோக்கியில் பார்த்ததை வைத்துக் கரடிகள் தங்களுக்குள் சண்டையிட, எல்லாக் கண்ணாடிகளையும் உடைத்துப்போடச் சொல்கிறாள் பேரரசி. அவை கெஞ்சிக் கூத்தாடித் தம் கருவிகளைக் காப்பாற்றிக்கொள்கின்றன. லண்டன் ராயல் சொசைட்டியின் ஆண்களைப் பார்த்து எழுதப்பட்ட கேலி இது. 1667இல் அந்தச் சங்கத்துக்கு மார்கரெட் விருந்தினராகப் போக முடிந்தது; உறுப்பினராக முடியவில்லை. முதல் பெண் உறுப்பினர்கள் தேர்வானது 1945இல். ஆனால் அதே சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் வில்கின்ஸ், உலகப் பொருள்களையெல்லாம் வகைபிரித்து ஒரு செயற்கை மொழியை உருவாக்கி 1668இல் நூலாக்கினார். அதைத் தத்துவம் என்றார்கள்.

மார்கரெட்டைக் கொண்டாடி நிறுத்திக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. அவருடைய பேரரசிக்கு ஒரே மொழி, ஒரே மதம், ஒரே ஆட்சி போதும். கதையின் இரண்டாம் பகுதியில் மீன் மனிதர்களையும் பறவை மனிதர்களையும் கொண்டு எதிரிகளின் கப்பல்களை எரித்து, தன் தாய்நாட்டு அரசனை எல்லா நாடுகளுக்கும் மேலே உட்காரவைக்கிறாள். பெயரிடும் அதிகாரம் ஒரு பெண்ணின் கைக்கு வந்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் விடுதலை வந்துவிடாது.

இந்தக் கேள்வியை ஒரு சோதனையாகவே நடத்திப் பார்த்தவர் அமெரிக்க மொழியியலாளர் சூசெட் ஹேடன் எல்ஜின் (1936–2015). 1984இல் வெளிவந்த 'நேட்டிவ் டங்' நாவலில், அமெரிக்கப் பெண்கள் தம் உரிமைகளையெல்லாம் இழந்து ஆண்களின் பொறுப்பில் வாழ்கிறார்கள். மொழியியலாளர் குடும்பங்களின் பெண்கள் வேற்றுலக உயிரிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்கள். வேற்றுலகத்தாரோடு பேசத் தெரிந்த அவர்களுக்குத் தம் வாழ்வைச் சொல்ல மொழியில்லை. குழந்தை பெற முடியாதவர்களைத் தள்ளிவைக்கும் 'மலட்டு வீட்டில்' அவர்கள் ரகசியமாக ஒரு மொழியைக் கட்டுகிறார்கள். அதுதான் 'லாஅதன்'. அந்த மொழியை 1982 முதல் எல்ஜின் உண்மையாகவே உருவாக்கினார். இலக்கணமும் அகராதியும் வெளியிட்டார்.

அதில் 'ரதீதின்' என்றொரு சொல் உண்டு. பெயருக்கு விடுமுறை; ஆனால் சமையலும் ஏற்பாடுகளும் விருந்தினரும் சேர்ந்து சுமையாகிப்போன நாள். தீபாவளியன்று அடுப்படியில் நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வலியோடு வரும் மாதவிடாய், முதன்முறை வருவது, மகிழ்ச்சியோடு வருவது என்று தனித்தனிச் சொற்கள். சோர்வோடு சுமக்கும் கர்ப்பத்துக்கு ஒரு சொல். நிறைமாதத்தில் 'எப்போதடா முடியும்' என்று காத்திருப்பதற்கு இன்னொன்று.

நம்மிடமும் சொற்களுக்குக் குறைவில்லை. தூரம், தீட்டு, வீட்டுக்கு விலக்கு. முழுகாமல் இருக்கிறாள், வாயும் வயிறுமாக இருக்கிறாள். இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அவள் எங்கே உட்கார வேண்டும், எப்போது குளிக்கவில்லை, பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறாள் என்பதைத்தான் சொல்கின்றன. அவளுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லும் சொல் இந்த வரிசையில் இல்லை.

லாஅதனின் இன்னொரு விதி என்னை அதைவிட ஈர்க்கிறது. வாக்கியத்தின் இறுதியில், சொல்வது எப்படித் தெரியும் என்பதைக் குறிக்க வேண்டும். நானே உணர்ந்தது, கனவில் கண்டது, நம்பத்தக்கவர் சொன்னது, நம்பத்தகாதவர் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. தமிழ் பேசுவோருக்கு இது அந்நியமில்லை. 'அடித்தான்' என்பதற்கும் 'அடித்தானாம்' என்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். ஒரு பெண் 'அடித்தான்' என்று சொன்னதை ஊர் 'அடித்தானாம்' என்று திருப்பிச் சொல்லும்போது, கண்ட சாட்சி ஒரே அசையில் வதந்தியாகிவிடுகிறது. லாஅதனில், தான் உணர்ந்ததைத் தான் உணர்ந்தது என்று முத்திரையிட்டே அவள் பேசுகிறாள்.

எல்ஜின் தன் சோதனைக்குப் பத்தாண்டு கெடு வைத்திருந்தார். பெண்கள் இந்த மொழியை எடுத்து வளர்ப்பார்கள், அல்லது இதைவிடச் சிறந்த ஒன்றை உருவாக்குவார்கள் என்பது அவர் கணிப்பு. இரண்டும் நடக்கவில்லை. அதே காலத்தில் மார்க் ஒக்ராண்ட் 'ஸ்டார் ட்ரெக்' படத்தின் போர்வீரர்களுக்காக வடிவமைத்த கிளிங்கான் மொழி உலகெங்கும் பரவியது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய படநிறுவனமும் தொலைக்காட்சியும் இருந்தன என்பது ஒரு காரணம். லாஅதன் 'பெண்' என்று எல்லோரையும் ஒருத்தியாக எண்ணியது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரே பண்டிகை நாள் வீட்டுக்காரிக்கும் அவள் வீட்டில் பாத்திரம் கழுவ வருபவளுக்கும் ஒரே 'ரதீதின்' ஆகாது. அந்த இரண்டாமவளின் நாளுக்கு எல்ஜினின் அகராதி மட்டும் போதாது. அவளே சொல் எடுக்க வேண்டும்.

அப்படி எடுக்கப்படும் சொல் முதலில் உளறலாகத்தான் கேட்கும். நாற்பது என்றால் கழுதை என்று இரண்டு சிறுமிகள் முடிவு செய்தபோதும் அப்படித்தான் கேட்டிருக்கும். அதற்கு அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.