கொழுந்து லொறிக்கு எந்த இஞ்சின்?

 

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு அண்ணனிடம் பழைய பெட்ஃபோர்ட் லொறி ஒன்று இருக்கிறது. அவருடைய அப்பா கொழுந்து ஏற்றிய லொறி. இஞ்சின் இறுகி, பல வருடங்களாகப் பலா மரத்தடியில் நிற்கிறது. போன மாதம் என்னைக் கேட்டார்: "சேர், நீங்க வரலாறு படிப்பிக்கிறவர்தானே. பழைய ஆறு சிலிண்டரையே செய்யிறதா, ஜப்பான் நாலு சிலிண்டர் ஒண்ணப் போடுறதா? பழைய இரும்புக்காரரும் வந்து விலை கேட்டுட்டுப் போயிட்டாரு."

இதை ஏன் வாத்தியாரிடம் கேட்கிறார் என்று முதலில் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் பதிலில் பாதி வரலாற்றில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1925இல் இங்கிலாந்தின் வொக்ஸ்ஹோல் கம்பனியை வாங்கியது. 1929ஆம் ஆண்டு மொடலாக அதன் செவ்ரோலெட் வண்டிகளுக்கு ஆறு சிலிண்டர் இஞ்சின் வந்தது. அந்த வழியில் உருவான இஞ்சினோடு 1931இல் லூட்டன் நகரில் பெட்ஃபோர்ட் லொறி பிறந்தது.

ஏன் ஆறு? நாலு சிலிண்டரில் கிராங்க் 180 பாகை சுற்றினால்தான் ஒரு வெடிப்பு. ஆறில் 120 பாகைக்கு ஒன்று. வரிசையாக நிற்கும் ஆறில் 1–6, 2–5, 3–4 என்று பிஸ்டன்கள் சோடி சோடியாக ஏறி இறங்குகின்றன. ஒன்றின் உலுக்கலை மற்றது சமன் செய்துவிடும. அதனால் சுமையோடு மெதுவாக ஏறும்போது திணறல் குறைவு. எட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல வழியாகக் கினிகத்தேனை ஏறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறையும் உண்டு. ஹெட் நீளம். சூடு மிஞ்சினால் வளைந்துவிடும். அந்தக் காலத்து டிரைவர்மார் பீலியைக் கண்ட இடமெல்லாம் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியது சும்மா இல்லை.

இனி நம் ஊர்க் கதை. களனிவெளி சிறு ரயில் பாதை 1912இல் இரத்தினபுரிக்கு வந்தது. ஆனால் தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஸ்டேஷன்வரை சாமானைக் கொண்டுபோக ரோட்டு வண்டிதான் வேண்டும். 1952இல் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தோம். கேகாலை, இரத்தினபுரி இறப்பருக்கும் அதில் பங்கு இருந்தது. பிறகு 1970களில் அவிசாவளைக்கு அப்பால் ரயில் நின்றது. அதே காலத்தில், 1970 முதல் 1977 வரை, இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. ரயிலும் இல்லை, புது லொறியும் இலேசில் கிடைக்காது. கொழுந்து மட்டும் அன்றன்றைக்கே ஸ்டோருக்குப் போக வேண்டும், நேரம் போனால் சூடேறிப் பழுதாகிவிடும்.

அப்போது கைகொடுத்தவர்கள் கராஜ் பாஸ்மார். சிலிண்டர் தேய்ந்தால் துளையைப் பெருப்பித்துப் பெரிய பிஸ்டன் போடுவார்கள், அதற்கும் இடமில்லை என்றால் ஸ்லீவ் இறக்குவார்கள். கிராங்க்கை 10, 20, 30 தௌ என்று கடைந்து, அந்த அளவுக்கேற்ற பெயாரிங் தேடுவார்கள். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. சிங்கள பாஸ், தமிழ் டிரைவர், முஸ்லிம் பார்ட்ஸ் கடைக்காரர் என்று ஒரு லொறியைச் சுற்றி மூன்று பேர் நிற்பார்கள் என்று வாப்பா சொல்வார்.

1977இல் பொருளாதாரம் திறந்ததும் ஜப்பான் லொறிகள் வந்து குவிந்தன. ஜெனரல் மோட்டார்ஸும் 1986இல் பெட்ஃபோர்ட் பெரிய லொறித் தொழிலைக் கைவிட்டது. ஆனாலும் கதை முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, ஓரங்கட்டிய வண்டிகளை மறுபடியும் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான். முதலில் கழற்றி அளந்து பாருங்கள். புளொக்கில் வெடிப்பு இல்லை, கிராங்க்கைக் கடைய இன்னும் இடம் இருக்கிறது என்றால் ஆறையே செய்யுங்கள். உங்களுடையது 300 கன அங்குல டீசல், கிட்டத்தட்ட 4.9 லீற்றர். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பெட்ஃபோர்ட் நிறைய ஓடியதால் அங்கேயும் சாமான் தேடலாம். புளொக் வெடித்திருந்தால் பேர்க்கின்ஸ் 6.354 மாதிரி இன்னொரு ஆறைப் பாருங்கள். நாலு சிலிண்டர் மலிவாகத் தெரியும். ஆனால் மவுண்ட், கியர்பொக்ஸ் இணைப்பு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று செலவு நீளும். எந்த இஞ்சினை மாற்றினாலும் புது நம்பரை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும்.

போன சனிக்கிழமை கழற்றினார்கள். புளொக் நன்றாக இருக்கிறது. கிராங்க் ஏற்கெனவே 20 தௌ கடைந்தது. 30 போகலாம் என்றார் பாஸ். முன்பு கடைந்தது யார் என்று கேட்டேன். அண்ணனுடைய அப்பா ஒரு பெயர் சொன்னார். அந்த மனிதர் மௌத்தாகிப் பல வருடமாம்.

தோட்டங்களின் வரலாறு என்று நாம் படிப்பிப்பதில் ஆளுநர் இருக்கிறார், துரை இருக்கிறார். லொறியை ஓட வைத்தவர் இல்லை. உங்கள் வீட்டில் பழைய கராஜ் ஆட்கள், லொறி டிரைவர்மார் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். இங்கேயும் எழுதுங்கள். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.