நித்திரையைக் கண்டுபிடித்த கதை

நித்திரை வந்தால் எங்களுக்கே தெரியும்தானே என்று நாங்கள் எல்லாரும் நினைக்கிறோம். அப்படியில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண் அயருகிற ஒருவருக்கு, தான் அயர்ந்தது அனேகமாகத் திடுக்கிட்டு முழிக்கும்போதுதான் விளங்கும். மணிக்கு 100 கிலோமீற்றரில் போகிற வாகனம் 3 விநாடிக்குள் 80 மீற்றரைத் தாண்டிவிடும். அதனால்தான் சாரதியின் நித்திரையைச் சாரதிக்கு முதலே கண்டுபிடிக்க ஆட்கள் மினக்கெட்டார்கள்.

இந்தக் கதை காரில் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் ராடார் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் போகப்போக எதிரியின் நீர்மூழ்கிகளைத் தவறவிட்டார்கள். ஏன் எண்டு பார்க்க உளவியலாளர் நோர்மன் மக்வேர்த் ஒரு கடிகாரம் செய்தார். அதன் முள் ஒவ்வொரு படியாக நகரும். எப்போதாவது ஒருக்கா இரண்டு படி பாயும். அந்தப் பாய்ச்சலைக் கண்டுபிடிக்க வேணும். அவர் 1948இல் வெளியிட்ட முடிவு, அரை மணி நேரத்துக்குப் பிறகு கவனம் நன்றாக இறங்கிவிடுகிறது என்பது. இது சோம்பேறித்தனம் இல்லை, மனுச மூளையின் சுபாவம்.

1952இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பெருந்தெருவின் ஓரத்தை வரிவரியாக அமைத்தார்கள். ரயர் அதில் ஏறினால் பெரிய இரைச்சல் கேட்கும், சாரதி முழிப்பார். அங்கே காவல் இருந்தது வீதி. பிறகு அந்த வேலை ஸ்டியரிங்குக்கு வந்தது. முழிப்பாக இருப்பவர் அதை எப்போதும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருப்பார். தூங்கி விழுபவர் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிட்டு, பிறகு வெடுக்கென்று திருப்புவார். 2009இல் மெர்சிடிஸ் பென்ஸ் இதைக் கணக்கிட்டுத்தான் டாஷ்போர்டில் கோப்பிக் கோப்பைப் படத்தைக் காட்டியது.

1990களில் அமெரிக்க ஆய்வாளர் வோல்ட்டர் வியர்வில்லும் அவருடைய குழுவினரும் கண்ணையே அளந்தார்கள். ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை 80 வீதத்துக்கு மேல் மூடிக் கிடக்கிறது? சும்மா கண் சிமிட்டுவதை விட்டுவிட்டு, மெல்லச் சரிகிற இமையைத்தான் எண்ணினார்கள். இன்றைய கமராக்கள் பலவும் செய்வது இதைத்தான். 2024 ஜூலையில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களிலும் நித்திரை எச்சரிக்கை கட்டாயம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு வரலாறும் ஓடுகிறது. 1969இலேயே ஐரோப்பியப் பொருளாதார சமூகம் லொறி, பஸ் சாரதிகளின் ஓட்ட நேரத்துக்கு எல்லை போட்டது. அடுத்த வருடம், ஓடின நேரத்தையும் நின்ற நேரத்தையும் பதிகிற டகோகிராஃப் பற்றிய விதி வந்தது. பிரித்தானியாவின் லொறித் தொழிலாளர்கள் அதை ‘கெபினுக்குள் இருக்கும் உளவாளி’ என்று எதிர்த்தார்கள். ஆனால் அந்த உளவாளி முதலாளியையும் சேர்த்துத்தான் பார்த்தது. கமரா சாரதியை மட்டும்தான் பார்க்கிறது.

நியூ ஜெர்சியில் 1997இல் ஒரு கல்லூரி மாணவி விபத்தில் செத்துப்போனார். மற்ற வாகனத்தின் சாரதி 30 மணி நேரம் நித்திரை கொள்ளாதவர். அவருக்குக் கிடைத்த தண்டம் 200 டொலர். மாணவியின் தாய் விடாமல் போராடினார். 2003இல், 24 மணி நேரம் நித்திரையில்லாமல் ஓட்டி உயிரைப் பறிப்பதைக் கடும் குற்றமாக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இமையை எண்ணவில்லை, மணித்தியாலத்தை எண்ணியது.

கோப்பிக் கோப்பைப் படம் ‘நிற்பாட்டு’ என்று சொல்லும். ஆனால் நிற்பாட்டினால் அன்றைய சம்பளம் போய்விடும் என்ற சாரதி என்ன செய்வார்? இரவு பஸ்ஸில் நிம்மதியாகப் படுத்துப் போகிற நாங்கள், கமரா இருக்கோ என்று கேட்க முதல், இந்த மனுசன் கடைசியாக எப்ப படுத்தவர் என்று கேட்க வேணும். அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டியவர்களிடமும் அதையே கேட்க வேணும்.